மலாக்கா நீரிணை ரோந்து: எல்லைக்கோட்டில் நின்றுவிடுவது ஒத்துழைப்பாகுமா?

தெம்பனிஸ்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் சமூக மன்றத்தில் மாதம் ஒருமுறை கூடிப் பேசும் தமிழர் குழு ஒன்று உள்ளது. சென்ற கூட்டத்தில் ஆசிய வல்லரசுகளையும் வட்டாரப் பாதுகாப்பையும் பற்றிப் பேசும் பொறுப்பு எனக்கு வந்தது. நம் வாசலிலேயே இருக்கும் எடுத்துக்காட்டு என்பதால் மலாக்கா, சிங்கப்பூர் நீரிணைகளை எடுத்துக்கொண்டேன். இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய மூன்று நாடுகள் 2004இல் தொடங்கிய ரோந்தையும், 2008இல் தாய்லாந்து அதில் இணைந்ததையும் எடுத்துச் சொல்லி, வட்டார ஒத்துழைப்புக்கு இதைவிட நல்ல சான்று இல்லை என்று பேச்சை முடித்தேன்.

கேள்வி நேரத்தில் தொடக்கக் கல்லூரி மாணவி ஒருத்தி எழுந்து, கொள்ளையர் படகு எல்லையைத் தாண்டிவிட்டால் நம் கடற்படைக் கப்பல் பின்னாலேயே போகுமா என்று கேட்டாள். போகாது, தகவலை அடுத்த நாட்டிடம் ஒப்படைத்துவிட்டு நின்றுவிடும் என்றேன். "அப்படியானால் எல்லாரும் அவரவர் வீட்டுக்குள்தான் நடக்கிறார்கள். அதை எப்படிக் கூட்டு ரோந்து என்று சொல்கிறீர்கள்?" என்று அவள் கேட்டதும் எனக்குப் பதில் வரவில்லை. ஏதோ சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

இன்னும் இரண்டு ஐயங்களும் சேர்ந்துகொண்டன. கடற்கொள்ளைக்கு எதிரான ரீகேப் உடன்பாட்டின் தகவல் பகிர்வு மையம் சிங்கப்பூரில்தான் இருக்கிறது. ஆனால் நீரிணையின் இரு கரைகளையும் வைத்திருக்கும் மலேசியாவும் இந்தோனேசியாவும் அதில் உறுப்பினர்கள் அல்ல. அமெரிக்கா, சீனா, இந்தியா, ஜப்பான் என்று இந்த வழியை நம்பியிருக்கும் பெரிய நாடுகளும் தங்கள் கப்பல்களைக் கொண்டுவந்து காவல் காக்கவில்லை. அவர்கள் நேரடியாக வந்தால் சிக்கல் தீர்ந்துவிடாதா? அடுத்த கூட்டத்தில் அந்தப் பெண்ணுக்கு நேர்மையான பதில் சொல்ல விரும்புகிறேன். விவரம் தெரிந்தவர்கள் உதவ வேண்டும்.

கப்பல்காரன் எழுதியது:

ஐயா, வணக்கம். நான் இருபத்து மூன்று ஆண்டுகள் சரக்குக் கப்பல்களில் எஞ்சினியராக இருந்தவன். சட்டம், கொள்கை பற்றியெல்லாம் மற்றவர்கள் சொல்லட்டும். என் கண்ணால் பார்த்த ஓர் இரவை மட்டும் சொல்கிறேன்.

நிலக்கரி ஏற்றிய பெரிய கப்பல். சிங்கப்பூர் நீரிணையின் குறுகிய பகுதியான பிலிப் நீர்வழியில் கிழக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். கப்பல்கள் போகக்கூடிய வழி அங்கே மிகக் குறுகிய இடத்தில் 2.8 கிலோமீட்டர் அகலந்தான். அதனால் வேகத்தைக் கூட்டவும் முடியாது, வளைந்து நெளிந்து தப்பவும் முடியாது. முழுச் சரக்கோடு போகும் கப்பலின் பின்தளம் கடல்மட்டத்திலிருந்து அதிக உயரத்தில் இருக்காது. விடியற்காலை மூன்று மணியளவில் இயந்திர அறையின் எச்சரிக்கை மணி எதுவும் அடிக்கவில்லை. வழக்கமான சுற்றுக்குப் போன ஆயில்மேன் (இயந்திரங்களுக்கு எண்ணெயிடும் பணியாளர்) திரும்பி வராததால் தேடிக்கொண்டு போனேன். சுக்கான் இயந்திர அறைக்கு வெளியே இரும்புத் தளத்தில் ஈரமான வெறுங்கால் தடங்கள். உள்ளே ஆயில்மேனின் கைகளைப் பிளாஸ்டிக் பட்டையால் பின்னால் கட்டிப் போட்டிருந்தார்கள். மணிக்கட்டில் இரத்தம் கட்டியிருந்தது. உதிரிபாக அறையின் பூட்டு வெட்டப்பட்டு, எரிபொருள் தெளிப்பான் பெட்டிகளும் பேரிங்குகளும் போயிருந்தன. பின்தளக் கம்பியில் கொக்கி கட்டிய நீண்ட மூங்கில் கழி ஒன்று அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. ஐந்து பேர், கையில் பாராங் கத்தி, மொத்தம் பதினைந்து நிமிடம் என்று அந்தப் பையன் சொன்னான்.

கேப்டன் வானொலியில் சொன்னதும் சிங்கப்பூர்க் கப்பல் போக்குவரத்து நிலையம் உடனே பதில் சொன்னது. சுற்றியிருந்த கப்பல்களுக்கும் எச்சரிக்கை போயிற்று. ஆனால் படகு எப்போதோ தெற்கே தீவுகளுக்குள் புகுந்துவிட்டது. அந்தக் கணத்தில் எந்தக் கொடி பறக்கும் போர்க்கப்பல் பக்கத்தில் நின்றிருந்தாலும், விளக்கில்லாத அந்த மரப்படகை நூற்றுக்கணக்கான மீன்பிடிப் படகுகளுக்கு நடுவே பிரித்தெடுத்திருக்க முடியுமா என்பது எனக்குச் சந்தேகமே. அந்தத் தெளிப்பான்களை எந்தக் கடையில் யார் வாங்குவார்கள் என்று தெரிந்த உள்ளூர்ப் போலீஸ்காரர் ஒருவர்தான் அன்று எங்களுக்கு வேண்டியிருந்தார். எங்களோடு போன அந்த ஆயில்மேன் அடுத்த துறைமுகத்தில் இறங்கி ஊருக்குப் போனவர், திரும்பக் கப்பலேறவே இல்லை. 'சிறு திருட்டு' என்று அறிக்கைகளில் படிக்கும்போதெல்லாம் அவருடைய கை நினைவுக்கு வரும்.

நீரோட்டம் எழுதியது:

தெம்பனிஸ்வாசி அவர்களுக்கு, கடல்சார் சட்டம் பயிற்றுவிப்பவன் என்ற முறையில் முதலில் அந்த மாணவியைப் பாராட்டுகிறேன். சொல்லைப் பொறுத்தவரை அவள் சொன்னது சரி. இது கூட்டு ரோந்து அன்று, ஒருங்கிணைந்த ரோந்து. ஒரே தலைமையின் கீழ் எல்லாக் கப்பல்களும் எங்கும் செல்வது கூட்டு ரோந்து. அவரவர் கப்பல் அவரவர் கடலில், அவரவர் தலைமையின் கீழ், ஆனால் பேசிவைத்த நேரத்தில், திறந்தே இருக்கும் தொடர்பு வழியோடு செல்வது ஒருங்கிணைந்த ரோந்து. 2004 ஜூலையில் தொடங்கியபோதே இது இரண்டாவது வகையாகத்தான் வடிவமைக்கப்பட்டது.

ஏன் அப்படி என்பதற்குச் சட்டத்தில் ஒரு காரணமும் வரலாற்றில் ஒரு காரணமும் உண்டு. 1982ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடல்சட்ட உடன்படிக்கையின் 101ஆம் பிரிவுப்படி, எந்த நாட்டின் ஆட்சிக்கும் உட்படாத கடலில் நடந்தால்தான் அது கடற்கொள்ளை. ஒரு நாட்டின் ஆட்சிக்குட்பட்ட கடல் கரையிலிருந்து 12 கடல் மைல்வரை நீளலாம். மலாக்கா நீரிணையின் தென்பகுதியிலும் சிங்கப்பூர் நீரிணையிலும் இரு கரைகளுக்கும் இடையே 24 கடல் மைல்கூட இல்லாததால், அங்கே பொதுக் கடல் என்று சொல்ல ஒரு துளி இடமில்லை. ஆகவே கப்பல்காரன் ஐயா கண்ட நிகழ்வு சட்டத்தின் பார்வையில் ஒரு நாட்டின் எல்லைக்குள் நடந்த ஆயுதக் கொள்ளை. அதைத் தண்டிக்கும் அதிகாரம் அந்த நாட்டுக்குரியது. துரத்திச் செல்லும் உரிமையைத் தரும் 111ஆம் பிரிவே, துரத்தப்படும் கப்பல் வேறொரு நாட்டின் ஆட்சிக்குட்பட்ட கடலுக்குள் நுழைந்ததும் அந்த உரிமை முடிந்துவிடும் என்று சொல்கிறது. நம் கடற்படைக் கப்பல் கோட்டில் நிற்பதற்குத் தயக்கமோ அலட்சியமோ காரணமில்லை. நம்மைவிடப் பன்மடங்கு பெரிய அண்டை நாடுகள் நம் கோட்டை மதிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் நாம், அவர்களுடைய கோட்டை மதித்தே ஆகவேண்டும்.

வரலாற்றுக் காரணம் இன்னும் முக்கியமானது. 2004இன் தொடக்கத்தில், அமெரிக்கப் பசிபிக் படைத் தலைவராக இருந்த அட்மிரல் தாமஸ் ஃபார்கோ வட்டாரக் கடல் பாதுகாப்புத் திட்டம் ஒன்றைப் பற்றி அமெரிக்க நாடாளுமன்றத்தில் பேசினார். அமெரிக்கப் படைகளே நீரிணையில் காவலுக்கு வரப்போகின்றன என்ற செய்தி பரவியதும் கோலாலம்பூரும் ஜகார்த்தாவும் கடுமையாக எதிர்த்தன. சிங்கப்பூர் வெளிநாட்டு உதவியை ஓரளவு வரவேற்கும் நிலையில் இருந்தது. அதனாலேயே நமக்கும் அண்டை நாடுகளுக்கும் இடையே சிறிது மனக்கசப்பும் எழுந்தது. அதற்கு அடுத்த சில மாதங்களில்தான் மூன்று நாடுகளும் தாங்களே ரோந்தைத் தொடங்கின. வெளியார் வரக்கூடாது என்றால் வீட்டுக்காரர்கள் தூங்கக்கூடாது என்பதை மூவரும் ஒருசேர உணர்ந்த தருணம் அது. லண்டன் காப்புறுதிச் சந்தையின் குழு 2005 ஜூனில் மலாக்கா நீரிணையை, கப்பல்களிடம் கூடுதல் காப்புறுதிக் கட்டணம் கேட்கப்படும் போர் அபாயப் பட்டியலில் சேர்த்ததும் இன்னொரு அடி. அதே ஆண்டு செப்டம்பரில் வான்வழி ரோந்து தொடங்கியது. ஒரு நாட்டின் விமானத்தில் மற்ற நாடுகளின் அதிகாரிகளும் அமர்ந்து செல்வதே அதன் சிறப்பு. 2006 ஆகஸ்டில் அந்தப் பட்டியலிலிருந்து நீரிணை நீக்கப்பட்டது.

ரோந்து ஒன்றினால்தான் எல்லாம் சரியாயிற்று என்று நான் சொல்லமாட்டேன். 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகு, பிரிவினைப் போர் நடந்துவந்த அச்சே மாநிலத்தில் நிலைமை மாறியது. 2005 ஆகஸ்டில் ஹெல்சிங்கியில் அமைதி உடன்பாடு கையெழுத்தானது. சுமத்திராவின் வடமுனையில் போர் ஓய்ந்ததும் கடலிலும் அதன் பலன் தெரிந்தது. அண்மைக் காலத்திலும் அப்படித்தான். ரீகேப் கணக்கின்படி 2025இன் முதல் ஆறு மாதங்களில் இவ்விரு நீரிணைகளிலும் 80 சம்பவங்கள் பதிவாயின. அதற்கு முந்தைய ஆண்டின் அதே காலத்தில் 21. ஜூலையில் ரியாவ் தீவுகளில் இந்தோனேசியக் காவல்துறை சில கும்பல்களைப் பிடித்த பிறகு எண்ணிக்கை இறங்கியது. கப்பல்காரன் ஐயா தேடிய போலீஸ்காரர் அவர்தான்.

பெரிய நாடுகளைப் பற்றி: அவர்கள் முற்றிலும் வெளியே நிற்கவில்லை. ஜப்பான் 1960களின் இறுதியிலிருந்தே இந்த வழியின் கலங்கரை விளக்கங்களுக்கும் மிதவைகளுக்கும் பணமும் தொழில்நுட்பமும் தந்துவருகிறது. 2007இல் சிங்கப்பூரில் உருவான கூட்டுறவு ஏற்பாடு, வழியைப் பயன்படுத்தும் நாடுகள் கரையோர நாடுகளுக்கு உதவ வேண்டும் என்ற, அதே கடல்சட்ட உடன்படிக்கையின் 43ஆம் பிரிவுக்கு முறையான வடிவம் கொடுத்தது. இந்தியாவைப் பொறுத்தவரை, 2025 செப்டம்பரில் பிரதமர் லாரன்ஸ் வோங் புதுடில்லி சென்றபோது வெளியான கூட்டறிக்கை, இந்த ரோந்தில் இந்தியாவுக்குள்ள ஆர்வத்தை மதிப்புடன் குறிப்பிட்டது. ஆனால் ஆயுதம் தாங்கிய வெளிநாட்டுக் கப்பல் காவலுக்கு நிற்பது வேறு. ஒரு வல்லரசின் கப்பல் வந்தால் அடுத்த வல்லரசும் தன் கப்பலை அனுப்பும். தன் எண்ணெய் இந்த ஒரே வழியை நம்பியிருப்பது குறித்துப் பெய்ஜிங் 2003 முதலே வெளிப்படையாகக் கவலைப்பட்டு வருகிறது. அமெரிக்கக் காவலோ இந்தியக் காவலோ அந்தக் கவலையைக் கூட்டத்தான் செய்யும். பிறகு கொள்ளையரை மறந்து, காவலர்களை யார் கண்காணிப்பது என்று நாம் பேசிக்கொண்டிருப்போம்.

ஜோகூர்க்காரி எழுதியது:

வணக்கம் அண்ணன்மாரே. தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகத்துக்கு அருகில் கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். கோட்டுக்கு இந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு சொல் கேளுங்கள்.

மலேசியா ரீகேப்பில் சேராததை ஒத்துழைக்க மனமில்லாமை என்று சிங்கப்பூர் நண்பர்கள் சிலர் பேசும்போது வருத்தமாக இருக்கும். அனைத்துலகக் கடல்சார் மன்றத்தின் கடற்கொள்ளைப் புகார் மையம் 1992 முதல் கோலாலம்பூரில் இயங்கிவருகிறது. 1999 அக்டோபரில் சுமத்திராவின் கோலா தஞ்சோங்கிலிருந்து 7,000 டன் அலுமினியத்தோடு ஜப்பானுக்குப் புறப்பட்ட 'அலோண்ட்ரா ரெயின்போ' கப்பலைக் கொள்ளையர் கைப்பற்றினார்கள். மாலுமிகள் 17 பேரையும் தெப்பத்தில் இறக்கிவிட்டார்கள். பல நாள் மிதந்த அவர்களைத் தாய்லாந்து மீன்பிடிப் படகு ஒன்று காப்பாற்றியது. கோலாலம்பூர் மையம் பரப்பிய எச்சரிக்கையால்தான், பெயரை மாற்றி வண்ணத்தையும் மாற்றிக்கொண்டு அரபிக்கடலில் போன அந்தக் கப்பலை இந்தியக் கடலோரக் காவல் படையும் கடற்படையும் நவம்பரில் மடக்கிப் பிடித்தன. அதற்குப் பிறகுதான் ஜப்பான் முன்னின்று ரீகேப்புக்கு வழிவகுத்தது. 2004இல் உரை முடிவாகி 2006 செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. மையம் எங்கே அமைவது என்ற போட்டியில் சிங்கப்பூர் வென்றது. ஏற்கெனவே ஒரு மையத்தை வைத்திருந்த எங்களுக்கு அதில் மனக்குறை இருந்தது உண்மை. இந்தோனேசியாவின் கவலை இறையாண்மை பற்றியது. ஆனாலும் இரு நாடுகளும் தகவல் தருவதை நிறுத்தவில்லை. கையெழுத்து இல்லையே தவிர வேலை நடக்கிறது.

இன்னொன்று. 2018 அக்டோபரில் ஜோகூர் பாரு துறைமுக எல்லையை மலேசியா விரிவாக்கியது. டிசம்பரில் சிங்கப்பூரும் துவாஸ் பக்கம் தன் துறைமுக எல்லையை விரிவாக்கியது. எங்கள் அலுவலகத்தில் அந்த மாதங்களில் எந்தக் கப்பலுக்கு எந்த வரைபடத்தைச் சொல்வது என்று தெரியாமல் தவித்தோம். 2019 பிப்ரவரியில் அந்த இடத்திலேயே மலேசிய அரசுக் கப்பலும் கிரேக்கச் சரக்குக் கப்பலும் மோதிக்கொண்டன. ஏப்ரலில் இரு அரசுகளும் பழைய எல்லைக்கே திரும்பின. அன்று இரு தரப்பும் பின்வாங்கியதை என் முதலாளி 'தோல்வி' என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மறுநாளே கப்பல்களின் தாள்கள் ஒழுங்காக நகரத் தொடங்கின.

தெம்பனிஸ்வாசி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மலேசியாவைப் பற்றி நான் கேட்ட விதத்தில் ஒருதலைச் சாய்வு இருந்திருக்கிறது. தங்கை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நீரோட்டம் ஐயாவிடம் ஒன்று கேட்கிறேன். கோட்டை மதிப்பதுதான் இங்கே ஒத்துழைப்பின் அடிப்படை என்றால், தென்சீனக் கடலில் அதையே ஏன் செய்ய முடியவில்லை? அங்கே எப்படி நடந்துகொள்வது என்பது பற்றிய நடத்தை அறிக்கையில் ஆசியானும் சீனாவும் 2002இலேயே கையெழுத்திட்டன அல்லவா?

நீரோட்டம் எழுதியது:

கேள்வியிலேயே விடை இருக்கிறது, ஐயா. இங்கே கோடுகள் பெரும்பாலும் பேசித் தீர்க்கப்பட்டவை. மலாக்கா நீரிணையில் மலேசியாவும் இந்தோனேசியாவும் 1970இல் உடன்பட்டன. சிங்கப்பூரும் இந்தோனேசியாவும் நடுப்பகுதிக்கு 1973இலும், மேற்குப் பகுதிக்கு 2009இலும், கிழக்குப் பகுதிக்கு 2014இலும் கையெழுத்திட்டன. ஒரே நீரிணைக்கு நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் மூன்று தடவை உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். சிங்கப்பூரும் மலேசியாவும் உரிமை கோரிய பெட்ரா பிராங்கா தீவு விவகாரம் அனைத்துலக நீதிமன்றத்துக்குச் சென்று 2008 மே மாதம் தீர்ப்பு வந்தது. இரு நாடுகளும் ஏற்றுக்கொண்டன. பின்னர் 2017இல் மலேசியா மறுஆய்வு கேட்டு, 2018இல் அதைத் தானே திரும்பப் பெற்றுக்கொண்டது.

தென்சீனக் கடலில் கோடு எது என்பதே தகராறில் இருக்கிறது. 2016 ஜூலையில் நடுவர் மன்றம் பிலிப்பீன்ஸுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தபோது சீனா அதை ஏற்க மறுத்தது. யாருடைய கடல் என்றே முடிவாகாத இடத்தில், 'உன் பக்கம் வந்துவிட்டான், பார்த்துக்கொள்' என்று ஒருவர் மற்றவருக்கு வானொலியில் சொல்ல முடியாது. சொன்னால் அது தன் உரிமையை விட்டுக்கொடுத்ததாகிவிடும். ஆகவே நம் நீரிணையின் முறையை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் அங்கே வைக்க முடியும் என்று நான் நம்பவில்லை.

ஆனால் எனக்கு நம்பிக்கை தரும் ஒன்றும் உண்டு. சாங்கியில் 2009 முதல் இயங்கும் நம் கடற்படையின் தகவல் ஒருங்கிணைப்பு மையத்தில் பல நாட்டு அதிகாரிகள் ஒரே கூடத்தில் அமர்கிறார்கள். அவர்களுள் இந்தியரும் சீனரும் அமெரிக்கரும் உண்டு. ரீகேப்பின் 21 உறுப்பு நாடுகளுள்ளும் அதே மூன்று நாடுகள் இருக்கின்றன. 2020இல் லடாக் எல்லையில் இந்தியாவும் சீனாவும் இரத்தம் சிந்தியபோதும் இரண்டுமே இந்த உடன்பாட்டை விட்டு விலகவில்லை. திருடு போன கப்பலைப் பற்றிய செய்தியைப் பகிர்ந்துகொள்ள நட்பு நாடாக இருக்கவேண்டிய அவசியம் இல்லை. அந்த மாணவியிடம் இதைச் சொல்லுங்கள்; பிறகு அவள் என்ன கேட்கிறாள் என்று எங்களுக்கும் எழுதுங்கள்.

தெம்பனிஸ்வாசி எழுதியது:

நிச்சயம் எழுதுகிறேன். அடுத்த கூட்டத்தை மன்றத்துக்குள் நடத்தாமல், மாலை வேளையில் அவர்களைக் கிழக்குக் கடற்கரைப் பூங்காவுக்கு அழைத்துச் செல்லலாமா என்று யோசிக்கிறேன். அங்கிருந்து கப்பல்களைக் காட்டியே விளக்கலாம். கப்பல்காரன் ஐயா, எதைக் காட்டவேண்டும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

கப்பல்காரன் எழுதியது:

தாராளமாக அழைத்துப் போங்கள். ஆனால் கரைக்கு அருகில் வரிசையாக விளக்கேற்றி நிற்கும் கப்பல்களைக் காட்டி 'இதுதான் நீரிணைப் போக்குவரத்து' என்று சொல்லிவிடாதீர்கள். அவை நங்கூரமிட்டு எண்ணெய்க்காகவும் முறைக்காகவும் காத்திருப்பவை. அவற்றுக்கு அப்பால், மெதுவாக நகர்கின்றனவா நிற்கின்றனவா என்று சொல்ல முடியாதபடி போகும் கப்பல்களைப் பாருங்கள். ஆண்டுக்கு 90,000க்கு மேற்பட்ட கப்பல்கள் போகும் வழி அதுதான். அதற்கும் பின்னால், வானம் தெளிவாக இருந்தால், தாழ்வாகத் தெரியும் விளக்குகள் பாத்தாம் தீவினுடையவை. நம் கரைக்கும் அந்த விளக்குகளுக்கும் நடுவில் எங்கோதான் 1973இல் போட்ட கோடு போகிறது. தண்ணீரில் அதற்கு எந்த அடையாளமும் கிடையாது.

சிறிய கடல்வானொலி வைத்திருக்கும் நண்பர் யாராவது இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். மேற்கிலிருந்து வரும் கப்பல் முதலில் 73ஆம் அலைவரிசையில் பேசும். நடுப்பகுதியில் 14க்கு மாறும். கிழக்கே போனதும் 10. உங்கள் பிள்ளைகள் 10ஆம் அலைவரிசையைக் கேட்கட்டும். கொரிய, கிரேக்க, பிலிப்பீன், தமிழ் உச்சரிப்புகளில் ஆங்கிலம் கேட்கும். ஒவ்வொரு கப்பலும் தன் பெயரையும் தான் இருக்கும் இடத்தையும் சொல்லும். கரையிலிருந்து ஒரு குரல் அதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்து, முன்னே எந்தக் கப்பல் குறுக்கே வருகிறது என்று எச்சரிக்கும். ஏழரை மணிக்குமேல் போனால் நன்றாகக் கேட்கலாம். அந்த நேரத்தில் நங்கூரம் எடுக்கும் கப்பல்களும் சேர்ந்துகொள்ளும்.